எரிவாயுக் கட்டணச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெப்பக் கணக்கு

பிரிட்டனில் உள்ள வீடுகளுக்கு வரும் எரிவாயுக் கட்டணச் சீட்டில் ஒரு விந்தை உண்டு. வீட்டு வாசலில் உள்ள மீட்டர் அளப்பது எரிவாயுவின் கன அளவை. ஆனால் நிறுவனம் பணம் கேட்பதோ கிலோவாட் மணி என்ற கணக்கில். அது மின்சாரத்துக்குரிய அலகாயிற்றே என்று பலர் எண்ணக்கூடும்.

2022-ஆம் ஆண்டில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததை அடுத்து ஐரோப்பாவெங்கும் எரிவாயு விலை கடுமையாக உயர்ந்தது. அதுவரை சீட்டின் இறுதித் தொகையை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள், அதன் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் கணக்கையும் படிக்கத் தொடங்கினார்கள். அங்கே காணப்படும் எண்கள் பலருக்கும் புரியாத புதிராகவே இருந்தன.

கிலோவாட் மணி என்பது உண்மையில் மின்சாரத்துக்கு மட்டும் உரிய அலகு அல்ல. அது ஆற்றலின் அலகு. 3.6 மெகாஜூல் ஆற்றல் ஒரு கிலோவாட் மணிக்குச் சமம். எரிவாயு வாங்குபவர் விலை கொடுப்பது வாயுவுக்காக அல்ல, அது எரியும்போது வெளிவரும் வெப்பத்துக்காக. ஆகவே எவ்வளவு வாயு எரிந்தால் எவ்வளவு வெப்பம் கிடைக்கும் என்ற கேள்விக்கு நேர்மையான விடை இருந்தால்தான் கட்டணமும் நேர்மையானதாக இருக்கும்.

அந்த விடையைத் தருவது வேதியியல். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுக்கூடங்களில் வளர்ந்த ஒரு கணக்கு, இன்று கோடிக்கணக்கான குடும்பங்களின் மாதச் செலவைத் தீர்மானிக்கிறது.

சீட்டில் உள்ள எண்கள்

பிரிட்டிஷ் கட்டணச் சீட்டில் உள்ள கணக்கு நான்கு படிகளைக் கொண்டது. இதன் முறை 1996-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விதிகளில் வகுக்கப்பட்டிருக்கிறது.

முதலாவது, மீட்டரின் இரு அளவீடுகளுக்கு இடையிலான வேறுபாடு. புதிய மீட்டர்கள் கனமீட்டரில் அளக்கின்றன. பழைய மீட்டர்கள் நூறு கன அடியை ஓர் அலகாகக் கொள்கின்றன. நூறு கன அடி என்பது 2.83 கனமீட்டர். ஆகவே பழைய மீட்டராக இருந்தால் அளவீட்டை 2.83-ஆல் பெருக்க வேண்டும்.

இரண்டாவது, 1.02264 என்ற திருத்த எண். வாயு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். அழுத்தம் கூடினால் அடர்த்தியாகும். எனவே ஒரு கனமீட்டர் என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் என்றும் சொல்லியாக வேண்டும். 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் வழமையான வளிமண்டல அழுத்தமும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. மீட்டருக்குள் வரும் வாயு சராசரியாக 12.2 பாகையில், சற்றே கூடிய அழுத்தத்தில் இருப்பதாகக் கருதி, அளவீட்டை ஏறத்தாழ 2.3 சதவீதம் உயர்த்துவதே இந்தத் திருத்தம்.

மூன்றாவது, கலோரி மதிப்பு. ஒரு கனமீட்டர் வாயு முழுமையாக எரிந்தால் எத்தனை மெகாஜூல் வெப்பம் வெளிவரும் என்பதை இது சொல்கிறது. பிரிட்டனில் இது பெரும்பாலும் 39 மெகாஜூலை ஒட்டியே இருக்கும். ஆனால் நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் சிறிது மாறும்.

நான்காவது, கிடைத்த மெகாஜூலை 3.6-ஆல் வகுத்துக் கிலோவாட் மணியாக மாற்றுவது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு வீட்டில் 100 கனமீட்டர் வாயு செலவாகியிருக்கிறது. கலோரி மதிப்பு 39.5 என்று வைத்துக்கொள்வோம். 100-ஐ 1.02264-ஆல் பெருக்கினால் 102.264. அதை 39.5-ஆல் பெருக்கினால் 4,039 மெகாஜூல். அதனை 3.6-ஆல் வகுத்தால் 1,122 கிலோவாட் மணி. இந்த எண்ணைத்தான் நிறுவனம் தன் விலையால் பெருக்குகிறது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கனமீட்டரில் அளக்கும் மீட்டரைக் கன அடி மீட்டர் என்று நிறுவனத்தின் பதிவேடு தவறாகக் குறித்திருந்தால், கட்டணம் 2.83 மடங்காகிவிடும். எதிர்மாறாக நேர்ந்தால் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். ஆனால் பின்னர் நிலுவையாக வந்து சேரக்கூடும். மீட்டரின் முகப்பில் எழுதப்பட்டிருக்கும் அலகையும் சீட்டில் உள்ள அலகையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பிற நாடுகளிலும் அடிப்படை இதுவே. ஜெர்மனியிலும் பிரான்சிலும் கனமீட்டரைக் கிலோவாட் மணியாக மாற்றும் எண் சீட்டிலேயே தரப்படுகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா, பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலங்களில் கிகாஜூலிலும், ஆஸ்திரேலியாவில் மெகாஜூலிலும் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் பல பகுதிகளில் வழங்கும் தெர்ம் என்ற அலகு 105.5 மெகாஜூலுக்குச் சமம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த சேர்மங்களை ஹைட்ரோகார்பன்கள் என்பார்கள். அவற்றுள் மிக எளியது மீத்தேன். ஒரு கார்பன் அணுவோடு நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்தது அது.

மீத்தேன் எரியும்போது அதன் ஒரு மூலக்கூறு இரண்டு ஆக்ஸிஜன் மூலக்கூறுகளோடு வினைபுரிந்து, ஒரு கரியமில வாயு மூலக்கூறையும் இரண்டு நீர் மூலக்கூறுகளையும் தருகிறது. அணுக்கள் எவையும் அழிவதில்லை. அவை இணை மாறி அமர்கின்றன.

பிணைப்பை உடைக்க ஆற்றல் தேவை. புதிய பிணைப்பு உருவாகும்போது ஆற்றல் வெளிப்படும். ஆகவே எரிபொருளுக்குள் வெப்பம் பொதிந்து கிடக்கிறது என்ற பொதுவான எண்ணம் முழுமையானது அல்ல. பழைய பிணைப்புகளை உடைக்கும் செலவுக்கும், புதிய பிணைப்புகள் உருவாவதில் கிடைக்கும் வரவுக்கும் உள்ள வேறுபாடே வெப்பமாக வெளிவருகிறது.

இதை எண்களில் காண்போம். வேதியியலில் மோல் என்பது எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு. ஒரு மோல் மீத்தேன் 16 கிராம் எடையுள்ளது.

அதிலுள்ள கார்பன் - ஹைட்ரஜன் பிணைப்பு ஒவ்வொன்றையும் உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 413 கிலோஜூல் தேவை. நான்கு பிணைப்புகளுக்கு 1,652. இரண்டு மோல் ஆக்ஸிஜனை உடைக்க, ஒன்றுக்கு 498 வீதம், 996. ஆக மொத்தச் செலவு 2,648 கிலோஜூல்.

வரவுப் பக்கத்தில், கரியமில வாயுவில் உள்ள இரண்டு கார்பன் - ஆக்ஸிஜன் பிணைப்புகள், ஒன்றுக்கு 799 வீதம், 1,598. இரண்டு நீர் மூலக்கூறுகளில் உள்ள நான்கு ஆக்ஸிஜன் - ஹைட்ரஜன் பிணைப்புகள், ஒன்றுக்கு 463 வீதம், 1,852. மொத்த வரவு 3,450 கிலோஜூல்.

வரவிலிருந்து செலவைக் கழித்தால் மிஞ்சுவது 802 கிலோஜூல். பதினாறு கிராம் மீத்தேன் எரிவதால் கிடைக்கும் வெப்பம் இதுவே. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சற்றுப் பின்னர் இதற்கு ஒரு திருத்தம் தேவைப்படும்.

பிணைப்பு ஆற்றல்கள் பல சேர்மங்களின் சராசரி என்பதால் இந்த முறை தோராயமானது. மீத்தேனுக்கு விடை நன்றாகப் பொருந்தினாலும், எல்லா எரிபொருளுக்கும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. வணிகக் கணக்குக்கு இதைவிட உறுதியான வழி வேண்டும்.

ஹெஸ் கண்ட விதி

எரிதலின் வெப்பத்தை அளக்கும் முயற்சி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1782-83 குளிர்காலத்தில் பாரிஸ் நகரில் லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டியால் சூழப்பட்ட ஒரு கலத்தைப் பயன்படுத்தினார்கள். உள்ளே கரியை எரித்தபோது எவ்வளவு பனி உருகி நீராக வடிந்தது என்பதை வைத்து வெப்பத்தைக் கணித்தார்கள்.

பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ, அழுத்தமான ஆக்ஸிஜன் நிரப்பிய மூடிய உலோகக் கலத்துக்குள் பொருளை எரித்து, அதைச் சுற்றியுள்ள நீரின் வெப்பநிலை உயர்வை அளக்கும் கருவியை உருவாக்கினார். பாம் கலோரிமீட்டர் எனப்படும் அந்தக் கருவியின் செம்மையான வடிவங்கள் இன்றும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகின்றன.

ஆனால் எல்லா வினைகளையும் கலத்துக்குள் நிகழ்த்தி அளந்துவிட முடியாது. இதற்கு வழி காட்டியவர் ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய ஹெஸ். 1840-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட விதி எளிமையானது. தொடக்கப் பொருளும் முடிவுப் பொருளும் ஒன்றாக இருந்தால், வினை எந்த வழியாகச் சென்றாலும் மொத்த வெப்பம் மாறாது என்பதே அது.

மலையுச்சியை எந்தப் பாதையில் அடைந்தாலும் ஏறிய உயரம் ஒன்றுதான் என்பதைப் போன்றது இது.

இதன் பயனைக் கரியின் எடுத்துக்காட்டில் காணலாம். ஒரு மோல் கார்பன் முழுமையாக எரிந்து கரியமில வாயுவானால் 393.5 கிலோஜூல் வெளிவரும். அதே கார்பன் பாதி எரிந்து கார்பன் மோனாக்சைடாக மட்டும் மாறும்போது வெளிவரும் வெப்பத்தை நேரடியாக அளப்பது கடினம். ஏனென்றால் எரியும்போது கரியமில வாயுவும் சேர்ந்தே உருவாகிவிடும். ஆனால் கார்பன் மோனாக்சைடைத் தனியே எரித்தால் 283 கிலோஜூல் கிடைக்கிறது என்பதை அளக்கலாம். 393.5-இலிருந்து 283-ஐக் கழித்தால் 110.5. நேரடியாக அளக்க இயலாத வெப்பம் கழித்தல் கணக்கில் கிடைத்துவிடுகிறது.

இவ்வாறு ஆயிரக்கணக்கான சேர்மங்களுக்கு, அவை தத்தம் தனிமங்களிலிருந்து உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம் கணிக்கப்பட்டு அட்டவணைகளாகத் தொகுக்கப்பட்டிருக்கிறது. அட்டவணை கையில் இருந்தால் எந்த ஹைட்ரோகார்பனுக்கும் எரிவெப்பத்தைக் கணக்கிடலாம். விளைபொருள்களின் உருவாக்க வெப்பத்தைக் கூட்டி, எரிபொருளின் உருவாக்க வெப்பத்தைக் கழித்தால் போதும். ஆக்ஸிஜன் தனிமம் என்பதால் அதன் மதிப்பு சுழி.

மீத்தேனுக்கு இதைச் செய்து பார்ப்போம். கரியமில வாயு உருவாகும்போது 393.5 கிலோஜூல் வெளிவருகிறது. திரவ நீருக்கு 285.8; இரண்டு மோலுக்கு 571.6. இரண்டும் சேர்ந்து 965.1. மீத்தேன் உருவானபோதே 74.8 கிலோஜூலை வெளியிட்டுவிட்டது என்பதால் அதைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 890.3 கிலோஜூல்.

இதே முறையில் ஈத்தேனுக்கு ஏறத்தாழ 1,560, புரொப்பேனுக்கு 2,220, பியூட்டேனுக்கு 2,877 என்ற விடைகள் வருகின்றன. கார்பன் சங்கிலி ஒரு படி நீளும்போதெல்லாம் மோலுக்கு ஏறத்தாழ 660 கிலோஜூல் கூடுகிறது. இந்த ஒழுங்கு தெரிந்தால் நீண்ட சங்கிலி கொண்ட எரிபொருள்களின் வெப்பத்தையும் ஓரளவு ஊகிக்க முடியும்.

நீராவி கொண்டுபோகும் வெப்பம்

மேலே கண்ட இரு கணக்குகளும் ஒரே மீத்தேனுக்கு உரியவை. ஆனால் ஒன்றில் 802, மற்றொன்றில் 890. இந்த 88 கிலோஜூல் வேறுபாடு பிழையினால் வந்ததன்று. முதல் கணக்கில் நீர் ஆவியாக வெளியேறுகிறது. இரண்டாவதில் அந்த ஆவி குளிர்ந்து திரவ நீராகிறது. நீராவி குளிர்ந்து நீராகும்போது மோலுக்கு 44 கிலோஜூல் வெப்பம் வெளியிடும். இரண்டு மோல் நீருக்கு 88.

ஆகவே ஒவ்வோர் எரிபொருளுக்கும் இரண்டு கலோரி மதிப்புகள் உண்டு. நீராவியின் வெப்பத்தையும் சேர்த்தால் மொத்த மதிப்பு. சேர்க்காவிட்டால் நிகர மதிப்பு. மீத்தேனைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ பத்து சதவீத வேறுபாடு இருக்கிறது.

பிரிட்டனில் கட்டணம் மொத்த மதிப்பின் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. அதாவது புகைக்குழாய் வழியே வெளியேறும் நீராவியில் உள்ள வெப்பத்துக்கும் வாடிக்கையாளர் விலை கொடுத்துவிடுகிறார். அந்த வெப்பத்தை அவர் வீட்டுக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறாரா என்பது அவரது கொதிகலனைப் பொறுத்தது.

கண்டென்சிங் பாய்லர் எனப்படும் கொதிகலன்கள் இதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. வெளியேறும் புகையை, வீட்டைச் சுற்றிவிட்டுத் திரும்பும் நீரைக் கொண்டு குளிர்வித்து, நீராவியை நீராக்கி, அதன் வெப்பத்தை இவை மீட்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல், புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயுக் கொதிகலன்கள் பெரும்பாலும் இவ்வகையினவாக இருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. திரும்பி வரும் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் ஆவி நீராகும். கொதிகலன் நீரை 75 அல்லது 80 பாகைக்குச் சூடாக்கி அனுப்பும்படி அமைத்துவிட்டால், திரும்பும் நீரும் சூடாகவே இருக்கும். விலை கொடுத்து வாங்கிய கருவி தன் பயனை முழுமையாகத் தராது. அனுப்பும் வெப்பநிலையை 60 பாகைக்குக் குறைக்குமாறு 2022 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் அரசு மக்களுக்குக் கூறிய அறிவுரையின் அடிப்படை இதுவே. எனினும் சுடுநீரைத் தொட்டியில் தேக்கி வைக்கும் வீடுகளில், தொட்டி நீரில் லெஜியோனெல்லா கிருமி வளராமல் தடுப்பதற்காக அந்த நீரின் வெப்பநிலையை 60 பாகைக்குக் கீழே விடலாகாது.

சில விளம்பரங்களில் கொதிகலனின் திறன் 105 சதவீதம் என்று காணப்படுவதற்கும் இதுவே காரணம். 890-இல் 95 சதவீதத்தைப் பயன்படுத்தினால் 846 கிலோஜூல். அதையே 802-ஆல் வகுத்துக் காட்டினால் 105 சதவீதம் ஆகிவிடுகிறது. இயற்கையின் விதி எதுவும் மீறப்படவில்லை. வகுக்கும் எண் மட்டுமே மாறியிருக்கிறது.

கலவை மாறினால் கணக்கும் மாறும்

குழாயில் வருவது தூய மீத்தேன் அல்ல. ஈத்தேன், புரொப்பேன் போன்றவை சேர்ந்தால் கலோரி மதிப்பு உயரும். எரியாத நைட்ரஜனும் கரியமில வாயுவும் கலந்திருந்தால் குறையும். தூய மீத்தேனின் மதிப்பு கனமீட்டருக்கு 37.7 மெகாஜூல் அளவில் இருக்க, பிரிட்டனில் அது 39-ஐ ஒட்டி இருப்பதற்குக் காரணம் இந்தக் கலவையே.

குழாய்ப் பாதைகளில் பொருத்தப்பட்டுள்ள பகுப்பாய்வுக் கருவிகள் கலவையில் எது எத்தனை சதவீதம் என்று கண்டறிகின்றன. ஒவ்வொன்றின் எரிவெப்பத்தையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டினால் கலவையின் மதிப்பு கிடைக்கும். ஹெஸ் விதியின் அட்டவணைகள் அன்றாட வணிகத்தில் நுழைவது இந்த இடத்தில்தான்.

ஒரு வட்டாரத்துக்குள் பல வாயில்கள் வழியே வெவ்வேறு தரமுள்ள வாயு வரும்போது, சராசரி மதிப்பை எல்லோர் மீதும் சுமத்தினால் தரம் குறைந்த வாயுவைப் பெறுபவர் நட்டமடைவார். இதைத் தடுக்க பிரிட்டனில் ஒரு வரம்பு இருக்கிறது. வட்டாரத்துக்குள் வரும் மிகக் குறைந்த மதிப்பைவிட ஒரு மெகாஜூலுக்கு மேல் கூடுதலாகக் கணக்கிட முடியாது. சாணம், உணவுக் கழிவு போன்றவற்றிலிருந்து கிடைக்கும் உயிரி மீத்தேனைக் குழாயில் சேர்ப்பவர்கள் அதனுடன் புரொப்பேனைக் கலந்து மதிப்பை உயர்த்த நேர்வதும் இந்த வரம்பினாலேயே.

இந்தியாவிலும் இலங்கையிலும் பெரும்பாலான வீடுகளில் பயன்படும் சிலிண்டர் எரிவாயு வேறு வகை. அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 50.3 மெகாஜூலும், ஒரு கிலோ பியூட்டேன் எரிந்தால் 49.5 மெகாஜூலும் கிடைக்கும். வேறுபாடு மிகச் சிறிது. எனவே எடைக் கணக்கில் விற்கும்போது கலவை மாறினாலும் வெப்பத்தில் வாடிக்கையாளருக்குப் பெரிய இழப்பு இல்லை. இந்தியாவின் 14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 196 கிலோவாட் மணியும், இலங்கையின் 12.5 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 173 கிலோவாட் மணியும் அடங்கியிருக்கின்றன. சிலிண்டரின் விலையை இந்த எண்ணால் வகுத்தால், மின்சாரத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எனினும் அடுப்பில் எரியும் வெப்பத்தின் ஒரு பகுதி பாத்திரத்தைச் சேராமலே போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆனால் வெப்பம் சமமாக இருப்பதால் எல்லாம் சமம் என்று ஆகிவிடாது. 30 பாகை வெப்பநிலையில் புரொப்பேனின் ஆவியழுத்தம் பியூட்டேனைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இலங்கையில் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தபோது, கலவையில் புரொப்பேனின் பங்கு உயர்த்தப்பட்டதே பெரும் சர்ச்சையாயிற்று. அப்போது ஜனாதிபதி நியமித்த குழுவும் கலவை மாற்றத்தைக் காரணமாகச் சுட்டிக்காட்டியது. வெப்பக் கணக்கு மட்டும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது என்பதை அந்த நிகழ்வுகள் உணர்த்தின.

ஊரிலிருந்து கொண்டுவந்த சிலிண்டர் அடுப்பைக் குழாய் எரிவாயுவில் பயன்படுத்த எண்ணுவோரும், குழாய் எரிவாயு அடுப்பைச் சிலிண்டரோடு இணைக்க முனைவோரும் இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒரே கன அளவில் புரொப்பேன் மீத்தேனைப் போல் இரண்டரை மடங்கு வெப்பம் தரும். அதற்கேற்ப இரண்டரை மடங்கு காற்றும் தேவை. ஒரு கனமீட்டர் மீத்தேன் எரிய ஏறத்தாழ 9.5 கனமீட்டர் காற்றும், அதே அளவு புரொப்பேன் எரிய ஏறத்தாழ 24 கனமீட்டர் காற்றும் வேண்டும். அடுப்பின் துளையை, தகுதி பெற்ற பணியாளரைக் கொண்டு மாற்றாமல் எரிபொருளை மாற்றுவது ஆபத்தானது.

பாதி எரிந்தால் பாதிப்பு இரண்டு

காற்று போதாமல் போனால் மீத்தேனிலுள்ள கார்பன் முழுமையாக எரியாது. கரியமில வாயுவுக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அப்போது கிடைக்கும் வெப்பத்தை ஹெஸ் விதியே சொல்லும். 890.3-இலிருந்து 283-ஐக் கழித்தால் 607.3 கிலோஜூல். மூன்றில் ஒரு பங்கு வெப்பம் கிட்டத்தட்டப் போய்விட்டது.

இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட வலிமையுடன் பிணைந்துகொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி உயிரையே பறித்துவிடும்.

நீல நிறத்தில் எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிவது, அடுப்பைச் சுற்றிக் கரி படிவது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். குளிர் நாடுகளில் குளிருக்கு அஞ்சிக் காற்று வரும் துளைகளை அடைப்பதும், அறைக்குள் கரியடுப்பை மூட்டுவதும் பெரும் ஆபத்து. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், சமையல் அடுப்பு நீங்கலாக எரிபொருளால் இயங்கும் நிலையான கருவி உள்ள வாழறை ஒவ்வொன்றிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி பொருத்த வேண்டியது வீட்டு உரிமையாளரின் கடமை. வாடகைக்குக் குடியிருப்போர் இதைக் கேட்டுப் பெறலாம்.

இனி வரும் கணக்கு

மீத்தேன் எரியும்போது 890.3 கிலோஜூலுக்கு 44 கிராம் கரியமில வாயு வெளிவருகிறது. அதாவது ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 178 கிராம். ஆண்டுக்கு 10,000 கிலோவாட் மணி எரிவாயு செலவிடும் வீடு, மீத்தேனை மட்டும் எரிப்பதாகக் கொண்டாலும், ஏறத்தாழ 1.8 டன் கரியமில வாயுவைக் காற்றில் கலக்கிறது. கூடவே ஏறத்தாழ 1,450 லிட்டர் நீரும் உருவாகிறது.

இந்தக் கரியமில வாயுவைக் குறைக்க ஹைட்ரஜனைக் குழாயில் கலக்கலாமா என்ற ஆய்வு நடந்துவருகிறது. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழக வளாகத்தில் 2019 முதல் 2021 வரை, எரிவாயுவின் கன அளவில் 20 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்து சோதித்தார்கள். 20 சதவீதம் வரை கலப்பதை ஆதரிப்பதாக 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசும் அறிவித்தது.

இங்கும் வெப்பக் கணக்கே தெளிவு தருகிறது. ஒரு கனமீட்டர் ஹைட்ரஜன் எரிந்தால் 12.1 மெகாஜூல் மட்டுமே கிடைக்கும். 39.5 மெகாஜூல் மதிப்புள்ள எரிவாயுவில் அதை ஐந்தில் ஒரு பங்காகக் கலந்தால் கலவையின் மதிப்பு 34 மெகாஜூலுக்கு இறங்கிவிடும். அதே வெப்பத்துக்கு வீடுகள் ஏறத்தாழ 16 சதவீதம் கூடுதலான கன அளவை எரிக்க நேரும். ஹைட்ரஜனிலிருந்து வரும் வெப்பமோ மொத்தத்தில் ஏழு சதவீதம்தான். ஆகவே 20 சதவீதம் ஹைட்ரஜன் என்ற சொல்லைக் கேட்டு, கரியமில வாயுவும் 20 சதவீதம் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த ஹைட்ரஜன் எவ்வாறு தயாரிக்கப்பட்டது என்ற கேள்வியும் தனியே இருக்கிறது.

அவ்வாறு கலவை மாறும் காலம் வந்தால், கட்டணச் சீட்டில் உள்ள கலோரி மதிப்பு இன்றைவிட முக்கியமானதாகிவிடும். மீட்டர் கூடுதல் கனமீட்டரைக் காட்டும்; அந்த எண் சரியாகக் குறைக்கப்பட்டால் மட்டுமே, பெற்ற வெப்பத்துக்கு மேல் பணம் செலுத்தாமல் வாடிக்கையாளர் தப்புவார். அதைச் சரிபார்க்கத் தேவைப்படுவது இரண்டு பெருக்கல்களும் ஒரு வகுத்தலும் மட்டுமே.